கூலிக்கு நின்ற மூன்று வழிகள்

மழை ஏமாற்றிய ஒரு வருஷம், கரிசல் காட்டில் நாய்ப் பந்தயம் நடந்தது. துணியில் செய்த முயலைக் கயிற்றில் கட்டிச் சக்கரத்தால் இழுப்பார்கள். நாய்கள் அதை விரட்டிக்கொண்டு ஓடும்.

அந்தப் பொட்டலில் மனிதர்கள் மட்டும் நிற்கவில்லை. பந்தயம் கட்டும் வழிகளும் ஆளாய் உருவெடுத்து வந்து, கூலிக்கு அழைப்பார் உண்டா என்று வரிசையில் நின்றன.

மாடத்தி என்ற பெண் அங்கே வந்தாள். சிட்டு என்ற வேட்டை நாயைக் குட்டியிலிருந்து வளர்த்தவள் அவள். பஞ்சத்தில் விற்றுவிட்டாள். வாங்கிய செல்லையா முதலாளி, பத்தாயிரம் தந்தால் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார். அவளிடம் மூவாயிரம்தான் இருந்தது.

முதலில் நின்ற இரட்டிப்பு தொப்பையைத் தடவிக்கொண்டது. "என்னை வச்சுக்கோ தாயி. தோத்தா இரண்டு மடங்கு கட்டு. மறுபடியும் தோத்தா அதுக்கு இரண்டு மடங்கு. ஒரே ஒரு தடவை ஜெயிச்சாப் போதும், விட்டதெல்லாம் திரும்பி வந்துரும்."

"அதுக்குள்ள கையில உள்ளது காலியாயிட்டா?"

"அப்படிக் கேக்கிற ஆளுக கூட நான் தொழில் பண்றதில்ல."

அடுத்து நின்ற ஊர்ப்பேச்சுக்கு மூச்சு வாங்கியது. "செவலைதான் ஜெயிக்கும், டீக்கடையில சொன்னாக. இரு, இரு... இப்ப கருப்பன்னு சொல்லுதாக."

கடைசியில் ஒல்லியாக ஒன்று நின்றது. அதன் பெயர் கவனம். "எது ஜெயிக்கும்?" என்று மாடத்தி கேட்டாள்.

"தெரியலக்கா. பாத்துட்டுச் சொல்லுதேன்."

தெரியாது என்று சொன்னது அது ஒன்றுதான். அதனாலேயே அவள் அதைக் கூட்டிக்கொண்டாள்.

மொத்தம் ஏழு ஓட்டம். முதல் ஓட்டத்துக்கு முன் நாய்களை நடத்திக்கொண்டு போனபோது, கவனம் குந்தி உட்கார்ந்து பார்த்தது. எந்த நாய்க்கு வயிறு இழுத்திருக்கிறது, எது கூட்டத்தைக் கண்டு மிரள்கிறது, எல்லாம் பார்த்தது. "இதுல வேண்டாம்க்கா," என்றது. இரண்டாவதிலும் வேண்டாம். ஆறாவது வரைக்கும் வேண்டாம்.

"பந்தயத்துக்கு வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று இரட்டிப்பு கேலி செய்தது. அதை அமர்த்தியிருந்த லாரி டிரைவர் அப்போது விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஏழாவது ஓட்டத்துக்குச் சிட்டு வந்தது. மாடத்தியைப் பார்த்ததும் வாலை ஆட்டி முனகியது.

"சிட்டுதான்! ஊரே சொல்லுது!" என்று ஊர்ப்பேச்சு கத்தியது.

மாடத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "எம்புள்ள மேல கட்டாம வேற எதுல கட்டப்போறேன்?"

கவனம் எழுந்திருக்கவில்லை. "யக்கா, இடது பின்னங்காலைப் பாரு. முழுசா ஊணல, நுனியை மட்டும் வைக்குது. இன்னிக்கு ஓடவிட்டா அந்தக் கால் முறிஞ்சு போகும்."

மாடத்தி பார்த்தாள். கட்ட வந்ததை மறந்தாள். தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

"மொதலாளி, ஓட விடாதீக! அதுக்குக் கால் சரியில்ல!"

"கடைசி நேரத்துல புரளி கெளப்புதியா? யாருட்ட காசு வாங்குன?" என்று செல்லையா முதலாளி சீறினார்.

"என்னைத் திட்டுங்க, அடிங்க. அந்தக் காலை ஒரு தடவை அமுக்கிப் பாத்துருங்க."

அவர் அமுக்கினார். சிட்டு அலறியது.

"இந்த நொண்டிக்கா இவ்வளவு தீனி போட்டேன்?" என்று அவர் நாயின் கயிற்றை உதறினார். "கையில எவ்வளவு வச்சிருக்க?"

"மூவாயிரம்."

"குடுத்துட்டுப் பிடிச்சிட்டுப் போ."

ஓடாத நாயை மாடத்தி தோளில் தூக்கிக்கொண்டாள். கவனம் கூடவே நடந்தது.

இரட்டிப்பு பின்னாலேயே வந்தது. இப்போது அதன் குரலில் கேலி இல்லை. "ஏப்பா, நில்லு. ஒரு பந்தயமும் கட்டாம எப்படி ஜெயிச்ச? எனக்கும் சொல்லித் தாயேன்."

கவனத்தின் காதில் அது விழவில்லை. மாடத்தியின் தோளில் தொங்கிய அந்தக் காலையே பார்த்துக்கொண்டு அது போய்க்கொண்டிருந்தது.