விட்ட வார்த்தை

கயித்தான் கடலுக்குப் போன நாளெல்லாம் உபகாரத்தின் காது அவளிடம் இருப்பதில்லை.

பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துபோகிற சின்னக் கடற்கரை ஊர் அது. மற்ற நாட்களில் கரையோரச் சின்னக் கோவிலான குருசடியில் காலைச் செபமாலையை நடத்துகிறவள் ஞானப்பூ. அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அடக்கம் பண்ண உடலும் கிடைக்கவில்லை.

உபகாரம் அவளிடம் செபிக்கக் கற்றுக்கொள்ள வந்தவள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவளும் புருஷன் கயித்தானும்தான். இனிமேலாவது ஆண்டவரிடம் ஒழுங்காகப் பேச வேண்டும் என்று அவளுக்கு ஒரு தாகம்.

ஞானப்பூ மாதாவை வேண்டுகிற மங்கள வார்த்தைச் செபத்தின் முதல் பாதியைச் சொல்வாள். பதில் பாதியை மற்றப் பெண்களைக் கூட்டிக்கொண்டு சொல்வதற்கு, மைக்குக்கு முன்னால் உபகாரத்தை உட்கார வைத்தாள்.

வள்ளங்கள் கரை திரும்புகிற நேரமும் அதுதான். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு சத்தம். கயித்தானுடையது சின்ன வள்ளம்; அவர் ஒற்றை ஆளாகத்தான் போய் வருவார். அதன் எஞ்சின் நடுவில் ஒரு தடவை இருமிவிட்டு ஓடும்.

ஒருநாள் பதில் பாதியில் உபகாரம் "இப்பொழுதும்" என்று சொல்லும்போது அந்த இருமல் கேட்டது; வள்ளம் வந்துவிட்டது. அடுத்தபடியாக அவள் வாயில் வந்தது, "வந்துட்டு."

ஒலிபெருக்கிக் குழாய் வழியாக அது ஊர் முழுக்கக் கேட்டது. கரையில் மீன் ஏலம் விடுகிறவனுக்கும் கேட்டது. குருசடிக்குள் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுப் பிரகாசி கேட்டாள்.

"ஏட்டி, யாரு வந்துட்டு? மாதாவா, மச்சானா?"

"போட்டி."

"உடம்பு குருசடியில, காது கரையில. நல்லா செபிச்ச."

அன்று முதல் தெருவில் அவளைக் கண்டால் "'வந்துட்டு' வருது" என்பார்கள். கயித்தானே சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் மனசு கிடந்து அரித்தது.

குருசடியில் இருந்த ஞானப்பூவிடம் போனாள்.

"மைனி, என்னால முடியல. வாய் மாதாகிட்ட இருக்கு. காது கடலுக்குப் போயிருது. என்ன செய்ய?"

"என்னவெல்லாம் செஞ்சு பாத்த?"

"கடல் பக்கத்துச் சன்னலைச் சாத்தினேன். காதுல பஞ்சு வச்சேன்."

"பஞ்சு வச்சா கேக்கலியா?"

"வராத வள்ளமெல்லாம் கேட்டுது."

ஞானப்பூ லேசாகச் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"உங்க வள்ளத்துச் சத்தம் உனக்கு எவ்வளவு தூரத்துல கேக்கும்?"

உபகாரத்துக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. "கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாலயே கேட்டுரும். மத்தவளுக அலைச்சத்தம்னு சொல்லுவாளுக. எனக்குத் தெரியும்."

ஞானப்பூ எழுந்துபோய்க் கடல் பக்கத்துச் சன்னலை அகலத் திறந்து வைத்தாள்.

"கேக்கட்டும். விரட்டாத. கேட்டுட்டு, எந்த வார்த்தையை விட்டியோ அதுக்கே திரும்பி வா. அங்கருந்து சொல்லி முடி."

"அம்புட்டுதானா?"

"முடிச்சுட்டுச் சொல்லு, அம்புட்டுதானான்னு."

அப்படியே செய்து பார்த்தாள். சத்தம் வரும், காது போகும், திரும்பி வருவாள். முன்புபோல வெட்கப்பட்டுக்கொண்டு உட்காரவில்லை. சில நாள் நன்றாகவே செபித்த மாதிரி இருந்தது. அதை ஞானப்பூவிடம் சொன்னாள்.

"திரும்பி வார. ஆனா முடிக்கலியே."

"முடிக்கேனே மைனி."

"'இப்பொழுதும்'னு சொல்லுத. அப்புறம் உதடு மட்டும் அசையுது. கடைசில 'வேண்டிக்கொள்ளும்'னு கேக்குது. நடுவுல உள்ளது எங்க?"

நடுவில் உள்ளது "எங்கள் மரண நேரத்திலும்" என்பது. ஆண்கள் கடலில் இருக்கும்போது அந்த ஊரில் நிறையப் பெண்கள் அதை வாய்க்குள் விழுங்கிவிடுவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஞானப்பூ மட்டும் விழுங்கமாட்டாள். பதில் பாதியில் அவளும் சேர்ந்து சொல்லும்போது அந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் கூடும்.

"ஆளு கடல்ல இருக்கப்போ அதை எப்படி மைனி வாயால சொல்ல?"

"எஞ்சின் சத்தம் உன்னை இழுக்குதுன்னு சொன்ன."

"ஆமா."

"சத்தம் வராத அன்னைக்கும் அந்த இடத்துல நீ இல்லியே."

மறுநாளும் உபகாரம் விழுங்கினாள். அதற்கு அடுத்த நாளும்.

பிறகு கச்சான் காற்று எழும்பியது. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. சின்ன வள்ளத்தைத் திரும்பவிடாமல் வெளியே தள்ளும். அன்று காலை குருசடிக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. பெண்கள் செபமாலையைப் பிடித்திருந்தார்கள். கண் எல்லாம் சன்னலில் இருந்தது.

ஒவ்வொரு வள்ளமாகச் சத்தம் வந்தது. சத்தம் வரவர அந்தந்த வீட்டுப் பெண் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போனாள். ஞானப்பூ யாரையும் தடுக்கவில்லை. செபத்தை நிறுத்தவும் இல்லை.

கடைசியில் பிரகாசியும் உபகாரமும் ஞானப்பூவும் மிஞ்சினார்கள்.

"எங்க வீட்டாளு உன் மச்சானோடதான் நிப்பாரு. ரெண்டும் சேந்து வரும்" என்றாள் பிரகாசி. கேலி ஒன்றும் அவள் குரலில் இல்லை.

"இப்பொழுதும்" என்று உபகாரம் சொன்னாள். அப்போது சத்தம் கேட்டது.

பிரகாசி வீட்டு எஞ்சின்தான். ஆனால் அடித்தொண்டையில், முக்கிக்கொண்டு வந்தது. ஓடுகிற எஞ்சின் அப்படிச் சத்தம் போடாது. இன்னொரு வள்ளத்தைக் கயிறு கட்டி இழுக்கிற எஞ்சின்தான் அப்படிப் போடும். கரையில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அது தெரியும்.

உபகாரம் காதை இன்னும் தூரத்துக்கு நீட்டினாள். பின்னால் இருமல் இல்லை.

பிரகாசி எழுந்து ஓடினாள். உபகாரமும் எழுந்தாள். ஓடாமல் ஞானப்பூவைப் பார்த்தாள்.

"எந்த வார்த்தைல விட்ட?" என்றாள் ஞானப்பூ.

"மைனி…"

"எந்த வார்த்தைல?"

"இப்பொழுதும்."

"அங்கருந்து."

"வேண்டாம் மைனி. அது மட்டும் வேண்டாம்."

"உனக்கு வேண்டாம். கடல்ல இருக்கவருக்கு?"

காற்று சன்னலை ஓங்கி அடித்தது. உபகாரம் மண்டியிட்டாள். உதடு இரண்டு தடவை ஒட்டிக்கொண்டது. பிறகு சொன்னாள்.

"எங்கள் மரண நேரத்திலும்…"

ஒலிபெருக்கியை யாரும் அணைத்திருக்கவில்லை. கரையில் நின்ற எல்லாருக்கும் அது கேட்டது. ஈரக் கயிற்றைப் பிடித்திருந்த ஆண்கள் தலைத் துண்டை எடுத்தார்கள்.

"…வேண்டிக்கொள்ளும்" என்று முடித்தாள்.

அதற்குப் பிறகு கரையில் பேச்சுச் சத்தம் இல்லை. எஞ்சினும் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பிரகாசி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஞானப்பூவைப் பார்த்தாள்.

"வள்ளம் மட்டும் வந்துட்டு, மைனி."

உபகாரம் செபமாலையைக் கீழே விடவில்லை. அழவும் இல்லை. சன்னலுக்கு வெளியே வெள்ளை வெள்ளையாகக் கிழிந்துகொண்டிருந்த கடலைப் பார்த்தபடி இருந்தாள்.

ஞானப்பூ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இத்தனை நாளும் முழுங்கிட்டேன்" என்றாள் உபகாரம். "இன்னைக்கு ஒருக்காதான் சொல்லியிருக்கேன். அதுவும் இந்தக் காத்துல." ஞானப்பூ பக்கம் திரும்பினாள். "கேட்டிருக்குமா மைனி?"

ஞானப்பூ சன்னலைச் சாத்தவில்லை.

"மாதாவும் பிள்ளையைப் பறிகொடுத்தவதானே உபகாரம். அவ காதும் கரையிலதான் கிடக்கும்."