அண்ணாச்சி அறையிலிருந்த ப்ராசஸர்

விருதுநகரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் மாரீஸ்வரி கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு பக்கத்துக்கும் திணறியது. வேலை இழுத்துக்கொண்டே போகும். குழந்தைகள் காப்பகத்தில் விட்ட மகள் தினமும் கடைசி ஆளாய் அழுதுகொண்டிருப்பாள்.

"ப்ராசஸர மாத்துனா வேகமா ஓடும் அண்ணாச்சி."

"காலணா தரமாட்டேன்" என்றார் முதலாளி சௌந்தரபாண்டியன். "ஆனா நாளையிலருந்து வேலை பறக்கணும். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவேன்."

"அப்ப இங்க இருக்கிறத வச்சே சரிபண்ணிக்கிடட்டுமா?"

"தாராளமா!"

மறுநாள் காலை அவள் சீக்கிரமே வந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தாள். அன்றைய பத்திரிகைகள் மளமளவென்று முடிந்தன.

"நான் ஒரு அதட்டு போட்டேன், மெஷினே பயந்துருச்சு!" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்த அண்ணாச்சி, அவளிடம் கேட்டார்: "ப்ராசஸர் ஏதும்மா?"

"உங்க ரூம் கம்ப்யூட்டர்ல இருந்தது அண்ணாச்சி. ரெண்டும் ஒரே மாடல்தான், உங்களுக்கு மட்டும் பெரிய ப்ராசஸர். என்னோடத அதுல மாட்டிட்டேன்."

"என்னோடது காலையிலருந்து நல்லாத்தானே ஓடுது?"

"சீட்டு விளையாட அது போதும் அண்ணாச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். முகம் சிவந்த அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வேலைதான் முடிஞ்சிருச்சே, புள்ள தேடும். கெளம்பு தாயி."

காப்பகத்தில் பிள்ளைகள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மகள் அம்மாவைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்: "அதுக்குள்ள ஏம்மா வந்தே?"

மாரீஸ்வரி சிரித்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.