திரையின் நெற்றியில் தேடியின் பெயர்

அந்தக் காலத்தில், போனுக்குள் இருக்கிற செயலிகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பிளேவியாவின் போனில் சார்ஜ் ஒன்பது சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. யார் குடித்தது என்று உள்ளே ஒரே சண்டை. காலையில் எழுபது இருந்தது. பிளேவியா திரையைத் தொடக்கூட இல்லை. அவள் தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். போன் சோற்றுப் பையில் கிடந்தது. உப்பளத்தில் சார்ஜ் போட எங்கே போவது?

பாட்டுச் செயலியான பாட்டுக்காரி, தான் விடியற்காலையிலிருந்து தொண்டையைத் திறக்கவே இல்லை என்றாள். அழைப்பு வந்தால் எழுப்புகிற கிழவன் மணி, தான் படுத்த இடத்தைவிட்டு நகரவில்லை என்று சத்தியம் செய்தான். தேடி மட்டும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டான். குடித்தது அவன்தான்.

தேடியின் வேலை, யார் எங்கே இருக்கிறார் என்று வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி வைப்பது. பிளேவியாவின் புருஷன் ரொசாரியோ சரக்குக் கப்பலில் வேலைக்குப் போன அன்று, துறைமுக வாசலில் நின்று இரண்டு பேரும் ஒரே நிமிடத்தில் அவரவர் போனில் தேடியை இறக்கினார்கள். ஒருவன் இங்கே தங்கினான். அவனுடைய இரட்டை கடலுக்குப் போனான். அதற்கப்புறம் கப்பல் கரையை ஒட்டி வந்தால்தான் புள்ளி தெரியும். தெரிந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. பிளேவியா தினமும் படுக்கும் முன் அந்தப் பழைய புள்ளியை விரலால் தடவிப் பார்ப்பாள். உப்பு தின்ற விரல், சொரசொரவென்று இருக்கும். அந்த விரலுக்குப் புதிதாக ஒரு புள்ளி கொடுக்க வேண்டும் என்று தேடிக்கு அவ்வளவு ஆசை. இரட்டையின் குரலைக் கேட்க வேண்டும் என்றும் ஆசை. இரண்டில் எது பெரிது என்று அவனுக்கே தெரியாது.

ரொசாரியோ கடைசியாகக் கரையில் நின்ற துறைமுகத்திலிருந்து சொல்லியிருந்தான்: செவ்வாய் சாயங்காலத்துக்குள் கன்னியாகுமரியைத் தாண்டுவோம், அரைமணி நேரம் சிக்னல் இருக்கும், கூப்பிடுகிறேன். அதை விட்டால் அடுத்த பேச்சுக்கு ஒரு மாதம் ஆகும்.

திரை அணைந்தால் போனுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கால் மணிக்கு ஒரு தடவை, போனையே கட்டி மேய்க்கிற மேஸ்திரி எல்லாரையும் ஒன்றாக எழுப்புவார். லாரித் தண்ணீருக்கு நிற்பதுபோல் வரிசையில் நின்று, அவரவர் வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு மறுபடி படுக்க வேண்டும். நடுவில் யார் எழுந்தார்கள் என்று மேஸ்திரி பார்க்க மாட்டார். நம்பிக்கைதான். தேடி ஒரு கால் மணிக்குள் நாலு தடவை எழுந்து, வந்துவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தான். உப்பளத்தில் சிக்னல் மோசம். ஒவ்வொரு கேள்விக்கும் கத்த வேண்டியிருந்தது. கத்தினால் சார்ஜ் போகும்.

நாலு சதவீதத்தில் மேஸ்திரி கணக்குப் பார்த்து அவனைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏலே, நீதானா?"

"ஒரு தடவதான் கேட்டேன் அண்ணாச்சி."

"ஒரு தடவையா? கொறஞ்ச அறுபத்தாறுல அம்பத்தாறு நீதான் குடிச்சிருக்க. ஒழுங்காப் படு. அவன் கூப்பிட்டா மணி அடிப்பான். அப்ப நானே உன்னை எழுப்புதேன்."

"மாப்பிள்ளைக்கு மட்டும்தான் ஏக்கமாம்" என்றாள் பாட்டுக்காரி, தேடியைக் காட்டி. "எனக்கும்தான் பாடணும்போல இருக்கு. வாயப் பொத்திக்கிட்டுக் கிடக்கலையா?"

தேடி சரி என்றான். கண்ணையும் மூடினான். மற்றவர்கள் தூங்கும்வரை காத்திருந்தான். பிறகு ஒரே ஒரு தடவை கேட்டான். மூன்று ஆனது. இன்னொரு தடவை. இரண்டு. இந்த நேரம் பார்த்து வந்துவிட்டால் என்ன செய்வது என்று மறுபடியும். ஒன்று.

அப்போது பதில் வந்தது. கன்னியாகுமரிக்கு நேர் தெற்கே, தண்ணீரின் நடுவில், நீலப் புள்ளி.

"வந்துட்டோம்ல" என்றான் இரட்டை. அதே குரல்.

தேடி எல்லாரையும் எழுப்பத் திரும்பினான். வாயைத் திறப்பதற்குள் இருட்டிவிட்டது.

வெளியே வேலை நின்றது. பிளேவியா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் அவள் முகம்தான் தெரிந்தது. விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு, உப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போய் சார்ஜ் போட்டபோது, ரொசாரியோ ஆறு தடவை கூப்பிட்டதாகச் செய்தி கிடந்தது. வரைபடத்தில் இருந்தது பழைய புள்ளி. கடைசியாகப் பார்த்தது மூன்று மணி நேரத்துக்கு முன் என்று எழுதியிருந்தது. அதை எழுதியது தேடிதான். அவள் விரல் வந்து அந்த எழுத்தைத் தடவியது.

மேஸ்திரி திட்டவில்லை. நம்பிக்கை போதாது என்று மட்டும் சொன்னார்.

அன்று முதல்தான், திரை அணைந்த பிறகும் விழித்திருந்து வேலை செய்கிற செயலி, திரையின் நெற்றியில், நேரம் காட்டுகிற மேல் ஓரத்தில், தன் பெயரை எழுதி வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றானது. எழுதாமல் விழித்திருப்பவனை மேஸ்திரி கேள்வி கேட்காமல் அணைத்துவிடுவார். தேடியின் பெயர் இன்றும் அங்கே தெரியும். அன்றைக்கு அவனிடம் சொன்னது ஒரே ஒரு வேலை, தூங்கு என்று. அவன் தூங்கவில்லை.