தரையில் இறங்காத சப்பரம்

கடலோர ஊர் ஒன்றில் மூளையை ஆராயும் கூடம் இருந்தது. அதை நடத்திய பிலோமினாவுக்கு நாற்பது வயது. அவரிடம் மாணவராகச் சேர்ந்த டாக்டர் சூசைக்கு ஐம்பத்து மூன்று. ஊரே கைகட்டி நிற்கும் வைத்தியர், இந்த அம்மாள் முன்னால் கைகட்டி நின்றார். காரணம் சூசையின் தாய். அவளுக்கு மறதி நோய்.

திருவிழா மாலை ஒன்றில் சூசை நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தார். உள்ளே, மறதி நோய் கண்ட எலியின் மூளைச் சீவல்.

"ஒரே இருட்டா இருக்கு டீச்சர். செல்லு பூராவும் செத்துப்போச்சு."

"எதுக்குச் சாயம் போட்டிய?"

"செய்தி வாங்குற புரதத்துக்கு."

"வாசல்ல ஆளைக் காணோம். உடனே வீட்டுக்காரன் செத்துட்டான்னு எழுதிட்டியளாக்கும்?"

பிலோமினா வேறு சாயமிட்ட சீவலை வைத்தார். செல்கள் உயிரோடுதான் இருந்தன. நடுவே மயிரிழையிலும் மெல்லிய இடைவெளி விட்டு, ஒன்றை நோக்கி ஒன்று கை நீட்டியபடி நின்றன. சூசை மூச்சுவிட மறந்து பார்த்தார்.

"செய்தி வருது அண்ணாச்சி. வாங்குற புரதத்தை வாசல்ல பிடிச்சு நிறுத்த இன்னொரு புரதம் உண்டு, தாங்கு புரதம். அது வாங்காது, சொல்லாது. தாங்கும், அவ்வளவுதான். இந்த நோவுல அது குறைஞ்சுபோவுது. அப்ப வாங்குறவன் நழுவிடுதான்."

சூசை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேத்து அம்மா என்னைப் பாத்து, 'நீங்க யாரு ஐயா?'ன்னு கேட்டாவ. நாளைக்குக் கன்னியர் நடத்துற முதியோர் இல்லத்துல கொண்டு விடப்போறேன். என்னைத் தெரியாதவங்களுக்கு நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

பிலோமினா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"உங்க அம்மா முகம் உங்களுக்கு எத்தனை வருசமா தெரியும்?"

"பிறந்ததுலேருந்து."

"அந்த நினைவைத் தாங்குற புரதம்?"

"அதுவும் அப்பலேருந்துதான்..."

"இல்ல. அது சில வாரத்துல தேஞ்சுபோவும். வேற ஒண்ணு வந்து அதே இடத்துல நிக்கும்."

சூசைக்கு உடம்பு சிலிர்த்தது. தாங்கியவை எத்தனை நூறு முறை மாறியிருக்கும்! அம்மாவின் முகம் மட்டும் அசையவில்லையே!

அப்போது தெருவில் மேளம் கேட்டது. மாதா சப்பரம் வந்துகொண்டிருந்தது. இருவரும் இறங்கி வாசலில் நின்றார்கள்.

கோயிலில் எடுத்த சப்பரத்தைக் கடற்கரை சேரும்வரை தரையில் இறக்கக்கூடாது. அந்த ஊர் வழக்கம் அது. "தோள் மாத்து!" என்று ஒரு குரல் எழும். களைத்தவன் குனிந்து விலகுவான். அடுத்தவன் அந்த இடத்தில் புகுந்துகொள்வான். மேலே மாதாவின் கையிலிருக்கும் பூகூட உதிராது.

"கோயில்ல தூக்கினவன் யாராச்சும் இதுல இருக்கானா?" என்று கேட்டார் பிலோமினா.

"ஒருத்தன்கூட இல்ல."

"மாதா?"

"அப்படியே இருக்காவ," என்றார் சூசை.

அந்த வருடம் மீன்பிடிக்கப் போன படகுகளில் பாதி இன்னும் கரை திரும்பவில்லை, ஆள் குறைவு. வளைவில் "தோள் மாத்து!" என்ற குரல் இரண்டு முறை எழுந்தது. யாரும் வரவில்லை. இடப்பக்கம் தாழ்ந்தது. சப்பரம் சாய, கூட்டம் "மரியே!" என்று அலறியது.

பிலோமினா திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கிடந்தது. சூசை சப்பரத்தின் தண்டுக்கடியில் இருந்தார்.

சப்பரம் நிமிர்ந்தது.

கடற்கரை வரை தூக்கிவிட்டுத்தான் திரும்பி வந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. தோள் கன்றிச் சிவந்திருந்தது. கண்ணும்தான்.

"டீச்சர், அம்மா தலைக்குள்ள தோள் மாத்த ஆள் வரலையே. வெளிய நிக்கிற நான் என்ன செய்ய?"

பிலோமினா அந்தச் சிவந்த தோளைப் பார்த்தார்.

"இப்ப ஓடிப்போய்த் தோள் குடுத்தியளே அண்ணாச்சி, மாதா உங்களைப் பேர் சொல்லியா கூப்பிட்டாவ?"