செவலைக்கு நிறுத்திய வைக்கோல்

மாடு கொழுக்க வைப்பதில் உதுமான் பாயை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. மக்காச்சோள ஆலையில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை, அரிசி ஆலைத் தவிடு, கூடவே வயிறு நிறைய வைக்கோல். அவர் கொட்டகையின் ரகசியம் அவ்வளவுதான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அவருக்குச் சறுக்கியது, அல்லாவுக்குப் பலி கொடுக்கவென்று வளர்த்த சொந்தக் குர்பானி மாட்டில்.

பக்ரீத் நெருங்கிய நேரத்தில் அந்தச் செவலைக் காளை வயிறு ஊதிச் செத்தது. புதைத்த கையோடு உதுமான் பாய் தன் மார்க்க குருவான ஹஜ்ரத்திடம் போய் உட்கார்ந்தார். ஹஜ்ரத் வயதில் இளையவர்தான். ஆனாலும் அவர் கையைப் பிடித்துத்தான் பாய் சீடராகியிருந்தார்.

"விக்கிறதுக்குன்னு எத்தனை மாடு வளர்த்தேன் ஹஜ்ரத், ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலை. அல்லாவுக்குன்னு வளர்த்தது போயிடுச்சே!"

"அதுக்கு மட்டும் தீனி வேறயா?"

"வைக்கோலை நிறுத்தினேன். அல்லாவுக்குக் கொடுக்கிற மாட்டுக்குப் போய் வைக்கோலான்னு தோணிச்சு. சக்கையும் தவிடும்தான் போட்டேன்."

"வைக்கோல் இல்லாம மாடு அசை போடுமா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "போடாது. அசை நின்னா வயிறு ஊதும். நின்னு போச்சு. நானும் பார்த்தேன்."

"பார்த்துமா?"

"தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி நிக்கணும்னு ஆசை. தினமும் முதுகைத் தடவிப் பார்ப்பேன். சதை ஏறிக்கிட்டே வந்துச்சு. இத்தனை கிலோ தேறும், தொடை இன்னார் வீட்டுக்குன்னு மனசுலயே பங்கு போட்டுப் பார்ப்பேன்."

அறுபது வயது மனிதர் தோள்துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பாவம், அந்த மாட்டின்மேல் அவருக்குப் பாசம் இல்லாமல் இல்லை.

ஹஜ்ரத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

"கொட்டகையில வேற மாடு இருக்கு. அதை அறுத்தா கடமை தீர்ந்துடும். ஆனா செவலை? அதையும் என் குர்பானியா அல்லா ஏத்துக்குவானா ஹஜ்ரத்? அது மட்டும் சொல்லுங்க."

ஹஜ்ரத் திருப்பிக் கேட்டார்.

"குர்பானியை எப்ப அறுக்கணும் பாய்?"

சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்தான். "பெருநாள் தொழுகைக்குப் பிறகு."

"முந்தியே அறுத்தா?"

"குர்பானி ஆகாது. வெறும் கறிதான்."

ஹஜ்ரத்துக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. பாயின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"முதுகைத் தடவிப் பங்கு போட்ட அன்னைக்கே அறுத்துட்டீங்களே பாய்."