ஆறங்குல ஆணியும் ஜமீன் ஆசனமும்

மருதூர் ஜமீன்தார் சங்கரமூர்த்திக்கு எதிலும் பெரிசுதான் வேண்டும். கலெக்டர் வருகிறார் என்றதும் தனக்கொரு புது ஆசனம் செய்யச் சொன்னார்.

"எல்லாம் ஆறங்குல ஆணியா இருக்கணும். ஒரு ஆணித் தலைகூட மேலே தெரியக் கூடாது. தப்பினால் இந்த ஊரில் நீ உளியைத் தொட முடியாது."

"பலகையும் சட்டமும் சேர்ந்தே மூணு அங்குலந்தான் எசமான்" என்றான் தச்சன் மாடக்கண்ணு.

"சொன்னதைச் செய்யடா."

செய்தான். மூன்றாம் நாள் ஆசனம் சபைக்கு வந்தது. அடியிலிருந்து அடித்த ஆணிகள் பலகையைத் துளைத்துக்கொண்டு, மேலே முள்ளம்பன்றி முதுகாக நிமிர்ந்து நின்றன.

"தலை ஒண்ணுகூட மேலே தெரியலை. எசமான் உட்காரலாம்" என்றான் மாடக்கண்ணு, கைகட்டியபடி.

சபையில் யாரோ செருமினார்கள். ஜமீன்தார் உட்காரவில்லை.

"எத்தனை அங்குல ஆணிதான் போடணும்?"

"ரெண்டரை போதும் எசமான். அப்படியும் ஒரு ஆசனம் செஞ்சு வெளியே வச்சிருக்கேன்."

மறுநாள் அதில் சாய்ந்து உட்கார்ந்து, "ஆணியை மட்டும் நானேதான் பார்த்துச் சொல்வேன். தச்சனை நம்ப முடியாது" என்று கலெக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் ஜமீன்தார்.

வாசலில் மாடக்கண்ணு நிதானமாக வெற்றிலை மென்றான். ஆசனம் ஒரு முனகலும் இல்லாமல் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது.