ராஜாவைத் தின்றது யார்?

மேலைக்கரைச் சீமையை அந்தக் காலத்தில் உக்கிரவழுதி என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாகக் காதில் ஓதியவர் சொல்தான் அவனுக்கு வேதம். மழைக்காலத்தில் மலைக்கோட்டையிலும் கோடையில் ஏரிக்கரை மண்டபத்திலும் குடியிருப்பான்.

ஓர் ஐப்பசியில், கோட்டைக்குக் கீழே இருந்த பாறைக் கரட்டில், இருளர் குடியைச் சேர்ந்த சடையன் அவனுக்கு முயல்களைக் காட்டினான். பாறைக்குப் பாறை முயல். ராஜா குழந்தையாகிவிட்டான். "இவை என் முயல்கள். யாரும் தொடக் கூடாது. சடையனே காவல்" என்றான். வேட்டைத் தலைவர் அரிகண்டனாருக்கு வயிறு எரிந்தது. காட்டைப் பற்றி ராஜா தன்னையல்லவா கேட்க வேண்டும்!

சித்திரை பிறந்தது. அரிகண்டனார் உச்சிவெயிலில் பல்லக்கேறிக் கரட்டுக்குப் போனார். கீழே இறங்கக்கூட இல்லை. திரும்பி வந்து, "அரசே, ஒரு முயல்கூட இல்லை. காவல்காரனே தின்று தீர்த்துவிட்டான்" என்றார்.

ராஜா சடையனிடம் ஒரு வார்த்தை கேட்டானா? இல்லை. காலில் விலங்கு மாட்டிச் சிறையில் போட்டான். அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் இருளர் குடிசை ஒன்றுகூடக் கரட்டடியில் இருக்கக் கூடாது என்று தண்டோராவும் போட்டான்.

சடையன் மனைவி மருதிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முயல் எங்கே போயிருக்கிறது என்று அவர்கள் குடியில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களைக் கேட்கத்தான் ஆளில்லை! ஏரிக்கரை மண்டபத்துக்கு இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் அரிகண்டனாரின் ஆட்கள் வாசலோடு விரட்டினார்கள். வியாழக்கிழமை காலையில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மலைக்கோட்டைக்கு ஏறினாள். பூட்டிக் கிடந்த வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, எங்க ராசாவைத் தின்னுட்டாங்களே! அரண்மனைச் சமையக்காரங்க கூடித் தின்னுட்டாங்களே!"

ஊர் கூடிவிட்டது. காவலர்கள் பதறியடித்து அவளை ஏரிக்கரைக்கு இழுத்துவந்து ராஜா முன்னால் நிறுத்தினார்கள்.

"ஏய், நான் செத்துவிட்டேன் என்றா ஒப்பாரி வைத்தாய்?"

"உசிரோடதான் இருக்கீங்களா சாமி? ஐப்பசியில உங்களைக் கோட்டையில பாத்தேன். இன்னைக்குப் போனா வாசல் பூட்டு, அடுப்புல புகையில்லை. அப்ப யாரோ தின்னிருக்கணுமில்ல?"

"பைத்தியமா உனக்கு? அங்கே கல்லெல்லாம் கொதிக்கிறது. கோடையில் எவனாவது மலைமேல் கிடப்பானா? தண்ணீரும் பச்சையும் இருக்கிற இடத்துக்கு வரமாட்டானா?"

மருதி அரிகண்டனார் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களாய்யா? ராசாவுக்கு இருக்கிற அறிவு முயலுக்கும் இருக்கு. கரட்டுல புல்லு கருகினா ஏரிக்குள்ள அறுகம்புல்லுக்கு இறங்கிடும். மழையில ஏரி பெருகினா குட்டியைத் தண்ணிக்கா குடுக்கும்? மறுபடி பாறைக்கு ஏறிடும். பல்லக்குல உக்காந்து பாத்தா இதெல்லாம் தெரியாது."

"பொய்!" என்று கத்தினார் அரிகண்டனார்.

"சாயங்காலம் வரைக்கும் இங்கேயே நிக்கிறேன். நீங்களும் நில்லுங்க."

வெயில் தாழ்ந்தது. ராஜா மண்டபத்துப் படியில் வந்து நின்றான். வற்றிய ஏரியின் பச்சை ஓரத்தில் முதலில் இரண்டு காது தெரிந்தது. அப்புறம் நாலு. அப்புறம் எண்ண முடியவில்லை. இத்தனை நாளும் அவன் மூக்குக்குக் கீழேதான் மேய்ந்திருக்கின்றன.

"குடிசைகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்" என்றான் ராஜா. "அரிகண்டனாரே, முயல் கரட்டில் இல்லையென்றால் தின்றாயிற்று என்றீர். அங்கேயே போய் உட்காரும். ஐப்பசியில் அவை வந்ததும் வந்து சொல்லும். பல்லக்கு கிடையாது."

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி மருதியிடம் நீட்டினான். அவள் கை நீட்டவில்லை.

"மாலை கிடக்கட்டும் சாமி. பன்னெண்டு நாளா எங்க வீட்டுக்காரர் கால்ல விலங்கு. மாட்டுறப்ப ஒரு வார்த்தை கேக்கலை. கழட்டுறப்பவாவது நீங்களே வந்து கேளுங்க."

ராஜா தலைகுனிந்து படியிறங்கிச் சிறைக்கு நடந்தான். மண்டியிட்டு விலங்கைத் தன் கையாலேயே கழற்றினான். சடையனின் கணுக்கால் புண்ணாகியிருந்தது.

"சடையா, முயலெல்லாம் எங்கே?"

"ஏரிக்குள்ள சாமி" என்றான் சடையன். "கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."